தன் முட்டையைத் தானே தின்ற கோழி

கோழிகளை நான் கூண்டில் அடைத்ததே கோபத்தில்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஐந்து நாட்டுக்கோழிகள் பகலெல்லாம் இஷ்டத்துக்கு மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி அரைக்கீரை விதைத்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யக்கா, உன் கோழிங்க என் கீரையெல்லாம் கிளறிகினு கீது. இன்னா கோழி வளக்கிற நீ?" என்றாள்.

கீரை போனதற்கு நான் வருத்தப்பட்டிருப்பேன். கடைசியில் கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலமே வீட்டில் கிடந்த கம்பிவலையை எடுத்து, ஒரு கட்டில் அகலத்துக்குக் கூண்டு கட்டி, ஐந்தையும் உள்ளே தள்ளினேன். முட்டை போட ஒரே ஒரு அட்டைப்பெட்டி. "இப்ப நிம்மதியா?" என்று வேலியைப் பார்த்துக் கத்தினேன்.

சில வாரங்களில் முட்டை குறைந்தது. தினம் இரண்டு மூன்று எடுத்த பெட்டியில் ஒன்று கிடைத்தது. பிறகு அதுவும் இல்லை. உடைந்த ஓடு இல்லை, பாம்பு வந்த தடம் இல்லை. கூண்டுக் கதவோ வேலியை ஒட்டி இருந்தது. கை நீட்டினால் எட்டும். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் தெருக்குழாயில் நாலு பெண்கள் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். "கீரைக்குப் பதிலா முட்டையா எடுத்துகினு இருக்கிறியா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "யாரப் பாத்து இன்னா கேக்கிற?"

"உன்னப் பாத்துத்தான் கேக்கிறேன்."

அவள் கீழே வைத்த குடத்தை எடுத்தாள். அரைக்குடம் தண்ணீரோடு திரும்பிப் போய்விட்டாள். பதில் சொல்ல வக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கூண்டுக்குள் ஒரே களேபரம். எட்டிப் பார்த்தால் சிவப்புக் கோழியின் அலகில் மஞ்சள் கரு ஒழுகுகிறது. மற்ற நாலும் முட்டி மோதிக்கொண்டு கொத்துகின்றன. நான் கதவைத் திறப்பதற்குள் கருவும் இல்லை, ஓடும் இல்லை. ஈர வைக்கோல் மட்டும்தான் மிச்சம்.

அந்தச் சிவப்பின் கழுத்தை அங்கேயே திருகியிருப்பேன். மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டும் என் கணவர் சாப்பிட வந்தவர், விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "திருடி உள்ளயே கீறா. நீ தெருவுல தேடிகினு இருந்த." அன்றைக்கு அவரே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டார்.

கடையில் வாங்கிய முட்டையில் துளை போட்டு, கருவை ஊதி வெளியேற்றி, மிளகாய் விழுதை அடைத்து வைத்தால் கோழி மறந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அரைத்து அடைத்து வைத்தேன். ஐந்தும் கல்யாண விருந்துபோலத் தின்றுவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டன. எரிந்தது என் கைதான்.

"ருசி கண்டுடுச்சி, இனிமே திருந்தாது. அறுத்துடலாம்டி," என்றார் கணவர்.

ஐந்தும் தின்றால் எதை அறுப்பது என்றாவது தெரிய வேண்டாமா? மறுநாள் ஸ்டூலைப் போட்டு, காலையிலிருந்து கூண்டு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். பெட்டிக்குள் ஒரு கோழி இருக்கும்போதே இன்னொன்று இடித்துக்கொண்டு ஏறியது. காலடியில் முட்டை நசுங்கியது. வாசனைக்கு எல்லாம் ஓடிவந்தன. கையை விட்டு ஒரு துண்டு ஓட்டைப் பிடுங்கினேன். காகிதம்போல மடிந்தது.

நான் போட்டதெல்லாம் ரேஷன் அரிசி. வெளியே மேய்ந்தபோது புழு, பூச்சி, கீரை, மணல் என்று தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொண்ட கோழிகள். அவற்றைச் சிறையில் போட்டு, வெறும் அரிசியைக் கொட்டி, ஓடு மெலிந்து உடைந்ததற்கு ஒருத்தியைத் திருடி என்றவள் நான். அவ்வளவு நாளும் யார்மேலாவது காட்டிக்கொண்டிருந்த கோபம் என் பக்கமே திரும்பியது. பிறர்மேல் கோபம் வந்தாலாவது கத்தலாம். இதை யாரிடம் கத்துவது?

கணவரிடம் கடற்கரையிலிருந்து ஒரு பை கிளிஞ்சல் கொண்டுவரச் சொல்லி, முட்டை ஓடு கெட்டிப்பட அதை இடித்துத் தட்டில் வைத்தேன். இன்னும் இரண்டு பெட்டி வைத்து, இருட்டாக இருக்கச் சாக்குத் தொங்கவிட்டேன். அடியில் பலகையைச் சாய்த்து, போட்ட முட்டை அலகுக்கு எட்டாமல் பின்பக்கம் உருண்டுபோகும்படி செய்தேன். தினமும் சாயங்காலம் திறந்துவிட்டு, கீரைப் பக்கம் போகவிடாமல் குச்சியோடு காவல் நின்றேன். ஒரு மாதத்தில் நாலு கோழிகள் அந்தப் பழக்கத்தை விட்டன. சிவப்பு மட்டும் முட்டை விழுவதற்காக மற்றவற்றின் வாலடியிலேயே காத்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் குழம்பு வைத்தேன். எனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை.

ஒரு கிண்ணத்தில் ஆறு முட்டையோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். முட்டையைத் தொடவில்லை.

"வூட்டாண்ட வந்து ரகசியமா சொல்றியா? கொழாயாண்டதான கேட்ட? அங்க வந்து சொல்லு."

இவளுக்கு எவ்வளவு திமிர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். ராத்திரி முழுக்கப் புரண்டேன். அவள் கேட்டது நியாயம் என்று தெரிந்ததால்தான் அத்தனை கோபம்.

காலையில் குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். "முட்டைய என் கோழியே தின்னுருக்குது. இவ எடுக்கல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உன் கொடம் ரொம்பி வழியுது பாரு. தூக்கு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

தூக்கிக்கொண்டு நடந்தேன். காது மடல் இரண்டும் எரிந்தன.