அறுகரிசி போட்ட அக்கா

நீர்வேலியில் எங்கள் தோட்டத்துக்கு வாழைக்குலை வாங்க வந்தவர் அவர். உயரமான பெண், முழங்கை வரை வாழைக்கறை. குலையை இறக்கும்போதுகூட, "மெல்ல வாங்கோ" என்று அதனோடு மரியாதையாகக் கதைத்தார்.

அன்று லண்டனில் அண்ணையின் கலியாணம். இங்கே இருக்கும் அம்மாவின் முகத்தை வீடியோவிலாவது பார்க்காமல் தாலி கட்டமாட்டன் என்று சொல்லியிருந்தார். என் போன் முதல்நாள்தான் கிணற்றுக்குள் விழுந்திருந்தது. மடிக்கணினியிலோ கமரா வேலை செய்யவில்லை.

என் பதற்றத்தைப் பார்த்த குலை வாங்க வந்த அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"லினக்ஸோ? கணினியை நிப்பாட்டி எழுப்ப நேரம் காணாது. கமராவை இயக்கிற டிரைவர் மொட்யூலை மட்டும் கேர்னலிலையிருந்து கழட்டித் திருப்பிப் பூட்டுவம்."

கட்டளை அடித்தார். மொட்யூல் பாவனையில் இருக்கிறது, கழற்ற முடியாது என்றது திரை.

"வேறை ஏதோ பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்று, நான் மூட மறந்திருந்த இன்னொரு வீடியோச் செயலியை மூடினார். "இப்ப போட்டு வாங்கோ" என்று மொட்யூலுக்கும் மரியாதையாக விடைகொடுத்து, கட்டளையைத் திரும்ப அடித்தார்.

மொட்யூல் கழன்றது. அடுத்த கட்டளையில் திரும்ப ஏறியது. கமரா விளக்கு எரிந்தது.

"உதெல்லாம் எங்கை படிச்சனீங்கள், அக்கா?"

"என்ரை பழைய கணினி தந்த கரைச்சலிலைதான்."

அம்மா அவரைப் போகவிடாமல் கையில், மணமக்களை வாழ்த்தித் தூவ அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசியைக் கொடுத்தார். இருவரும் திரையைப் பார்த்துத் தூவ, அண்ணை சிரித்துக்கொண்டே தாலி கட்டினார்.

அங்கே அந்தத் திரையோடு சேர்த்து எடுத்த கலியாணப் படத்தைப் பார்த்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது ஆரென்று லண்டனில் இன்னும் கேட்கிறார்களாம். எங்கடை ஆள்தான் என்கிறாராம் அண்ணை. பெயர் கேட்க எனக்கும் மறந்துவிட்டது.