வேல்ஸ் கடல் எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்பு. முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை... போன் அடித்தது.

ரூத். எங்கள் ஒரே மகள்.

வேல்ஸில், ஸ்வான்சீ என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இங்கே யாங்கோனில் மத்தியானம் என்றால் அங்கே காலை. லீவு நாள் காலையில் அழைக்கிற பெண் அல்ல அவள்.

"டாடி, மம்மி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்க."

இப்படி ஆரம்பித்த எந்தப் போனாவது நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறதா? உங்களுக்கு வந்திருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர். தட்டை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்குப் போனேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கூடார விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ரூத்துக்குப் போன வருஷம் பிடித்த பைத்தியம் இது. லீவு கிடைத்தால் போதும். முதுகில் ஒரு கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். வேல்ஸ் முழுக்கக் கடலோரமாக நடைபாதை போட்டிருக்கிறார்களாம். டென்பி என்ற ஊரிலிருந்து ஒரு போட்டோ — துறைமுகத்தைச் சுற்றி மிட்டாய் நிறத்தில் வீடுகள். பெம்புரோக்‌ஷயரிலிருந்து ஒன்று — கத்தியால் வெட்டியது போல நிற்கும் பாறை, கீழே பச்சைத் தண்ணீர். கோவர் என்ற தீபகற்பத்திலிருந்து ஒன்று — ஆற்றுக்குக் குறுக்கே பலகை போல வரிசையாகப் போட்ட கற்கள், பின்னால் மணல். எங்கும் ஆடு. எங்கும் மழை. ஒரு விவசாயி தன் வயலில் கூடாரம் போட இடம் கொடுப்பார். காலையில் எழுந்து ஜிப்பைத் திறந்தால் வாசலில் கடல்.

நான் ரசித்தேன். நகரத்தின் நடுவே பபேடானில், ஐந்தாவது மாடியில், எதிர்வீட்டுப் பால்கனியைத் தவிர வேறு காட்சி இல்லாதவன் ரசிக்காமல் என்ன செய்வான்?

ஸ்டெல்லா — என் மனைவி — ரசிக்கவில்லை. "வீட்டை வாடகைக்கு எடுத்துட்டுத் துணிக்குள்ள போய்ப் படுப்பாங்களா? நம்ம ஊர்ல ஜனங்க தார்ப்பாய்க்கு அடியில படுக்குறது ஆசைக்கா?" என்றாள்.

சரி, போனுக்கு வருகிறேன்.

கோவரின் கோடியில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு பாறைத் தீவு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பாம்பு தலை தூக்கியது போல இருக்கும். பெயரும் அப்படித்தான். தண்ணீர் வடிந்திருக்கும்போது கரையிலிருந்து அந்தத் தீவுக்குப் பாறைகளின் மேல் நடந்தே போகலாம். கடல் ஏறினால் வழி மூடிவிடும். எப்போது மூடும் என்று கரையில் போர்டு வைத்திருக்கிறார்கள்.

ரூத்தும் அவளுடன் வேலை பார்க்கும் சானும் முந்தின நாளே பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, விடியும்போதே போயிருக்கிறார்கள். போர்டைப் படித்துவிட்டுத்தான். ஆனால் அந்தக் கோடியில் கடல்நாய்கள் படுத்திருந்தன. சான் தன் அம்மாவுக்கு வீடியோ எடுத்தான். திரும்பும்போது பாறை வழுக்கியது, நினைத்ததைவிட நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் — பாதை இல்லை. பாதை இருந்த இடத்தில் கடல் ஓடிக்கொண்டிருக்கிறது.

"நாங்க சேஃப்தான் டாடி. மேல புல்லுல நிக்கிறோம். இங்க தண்ணி வராது. மத்தியானம் தாண்டினா வடிஞ்சிரும்."

"அப்ப உட்கார்ந்திரும்மா. அதுக்கு ஏன் இப்படி நடுங்குற?"

"சான் இருக்க மாட்டேங்கிறான். இடுப்பளவுதான், கடந்துரலாங்கிறான். ஷூவைக் கழட்டிட்டான் டாடி."

சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் சந்திரன், பள்ளிக்கூடத்தில் சான் லின். எங்கள் நகரத்தின் வடகோடியில் இருக்கும் மிங்கலாடோன் பையன். அவன் அம்மா மாரியம்மா அங்கே பஸ் நிறுத்தத்தில் தோசைக் கடை வைத்திருக்கிறார். பர்மியர்களுக்கு டோ மாரி — 'டோ' அவர்கள் பெண்களுக்குப் போடும் மரியாதைச் சொல். புருஷன் இல்லை, இருந்த நகையை விற்றுப் பையனை அனுப்பினார். அவனுக்கு அன்று மத்தியானம் டியூட்டி. ஏற்கெனவே ஒருமுறை பஸ் தவறி, லேட்டாகி, எச்சரிக்கை வாங்கியவன். இன்னொரு முறை என்றால் வேலை போகும் என்று அவன் நினைத்தான். வேலை போனால் விசா போகும். விசா போனால் யாங்கோன்.

அவன் வயதுப் பையன்கள் ஏன் யாங்கோனுக்குத் திரும்பப் பயப்படுகிறார்கள்? எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: இங்கே பட்டியலில் பெயர் வந்தால் சீருடை போட வேண்டும். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

ஆக, அந்தப் பையனுக்கு முன்னால் கடல். பின்னால் நாங்கள் வசிக்கும் ஊர். அவன் கடலைத் தேர்ந்தெடுத்துவிட்டான்.

"போனை அவன்கிட்ட குடு" என்றேன்.

"அங்கிள்... ஹொட்கே அங்கிள்..." ஆமாம், ஆமாம் என்கிறான் பர்மிய மொழியில். மூச்சு வாங்குகிறது. பின்னால் காற்றின் இரைச்சல். "ஒண்ணும் ஆவாது. எனக்கு நீச்சல் தெரியும். நேத்தெல்லாம் பாத்தேன், கொஞ்சம் தூரந்தான்."

நான் பேசினேன். கடல் ஆறு மாதிரி இல்லை என்றேன். அடியில் இழுக்கும் என்றேன். வேலை என்ன பெரிய வேலை என்றேன். வாராவாரம் உங்களுக்கு எழுதுகிறவன்தானே நான்? அன்று என் வாயில் ஒரு வாக்கியம் ஒழுங்காக முடியவில்லை. நான் பேசப் பேச அவன் "ஹொட்கே அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. முடிவெடுத்துவிட்டவன் வாதாட மாட்டான்.

போன் மறுபடி ரூத்திடம் வந்தது.

"டாடி, இறங்குறான். நான் சட்டையைப் பிடிச்சிருக்கேன்."

எனக்கு அப்போது ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது — அவன் இழுக்க, இவளும் கூடப் போவது. "விடு" என்றேன். "சட்டையை விடு ரூத். அவன் போனாலும் நீ தண்ணிக்குள்ள போகாத. கேக்குதா? அவன் போனாலும்..."

திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லா. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. சோற்றுக் கையோடு நின்றாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. போனைப் பிடுங்கினாள்.

"ரூத், மம்மி பேசுறேன். சட்டையை விட்டுராத. ஆனா நீ உட்காரு. தரையில உட்கார்ந்து பிடி. உட்கார்ந்தவளை இழுத்துட்டு அவன் எப்படிப் போறான்னு பார்ப்போம்." பிறகு என்னிடம், "என் போனை எடுங்க. மாரிக்காவைக் கூப்பிடுங்க."

"அந்தம்மாவுக்கு இப்ப ஏன்? நெஞ்சே நின்னுரும்."

"அவன் யார் சொன்னாக் கேப்பான்? நீங்க சொல்லியா?"

எண்ணைத் தேடும்போது மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் எங்கள் தெருவில் போனுக்கும் பாதி உயிர் போய்விடும். சிக்னல் தேடி இருவரும் பால்கனிக்கு ஓடினோம். கீழே சமோசாக்காரர் கூவிக்கொண்டிருந்தார். சைக்கிள் ரிக்‌ஷா மணி. உலகம் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது.

மாரியம்மா எடுத்தார். தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தம். அவர் கடை ஏர்போர்ட்டுக்குப் பக்கம். நான் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. "கடலா? ஏன் கடல்?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு நான் என் போனை ஸ்டெல்லாவின் போனோடு சேர்த்துப் பிடித்தேன் — இதன் வாய் அதன் காதில், அதன் வாய் இதன் காதில். இரண்டும் விலகாமலிருக்க ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்திரா."

"அமே..." அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவான்.

"தண்ணியில நிக்கிறியா?"

"இல்ல அமே. இன்னும் இல்ல. டியூட்டி இருக்கு அமே. போகலன்னா வேலை போயிரும். அனுப்பிருவாங்க. அங்க வந்தா..."

சொல்லி முடிக்கவில்லை. இந்த ஊரில் போனில் யாரும் அந்த வாக்கியத்தை முடிப்பதில்லை.

மாரியம்மா கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் உன்ன வேலைக்காடா அனுப்புனேன்? உசுரோட இருக்கணும்னு அனுப்புனேன். வேலை போனாப் போகட்டும். அப்புறம் என்ன செய்யிறதுன்னு நாம பாத்துக்கலாம். நீ செத்துட்டா நான் எதப் பாத்துக்கிறது?"

காற்று. காற்று மட்டும்.

"உக்காருடா."

பிறகு ரூத்தின் குரல், மிக மெதுவாக: "உட்கார்ந்துட்டான் மம்மி."

நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா கேட்டாள், அங்கே உதவிக்குக் கூப்பிட எண் இருக்குமே என்று. இருக்கிறது. கூப்பிடக் கூடாதென்று சான் தடுத்திருக்கிறான். போலீஸ் வரும், பெயர் எழுதுவார்கள், விசாவில் ஏறும் என்று. சீருடையைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்று நாம் வளர்த்த பிள்ளைகள்; வேறு என்ன சொல்வான்? "நீ கூப்பிடு" என்றாள் ஸ்டெல்லா.

ரூத் கூப்பிட்டாள். யாரும் விசா கேட்கவில்லை. கடலோரக் காவலில் பேசிய ஒரு பெண் நிதானமாகக் கேட்டாராம் — யாருக்காவது அடிபட்டிருக்கிறதா, நனைந்திருக்கிறீர்களா, மேட்டில் இருக்கிறீர்களா? பிறகு சொன்னாராம்: "தண்ணீரில் இறங்காதீர்கள். குன்றின் மேலிருந்து எங்கள் ஆட்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! இதே வாக்கியத்தை எங்கள் ஊரில் ஒருவர் போனில் சொன்னால் அன்றே வீட்டைக் காலி செய்துவிடுவோம். அங்கே அதைக் கேட்டு என் மகள் நிம்மதியாக அழுதிருக்கிறாள்.

எங்களைத் திரும்ப அழைத்து இதைச் சொல்லிவிட்டு, சார்ஜ் குறைவாக இருக்கிறது, கரையேறியதும் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த மத்தியானம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ஆபத்து முடிந்துவிட்டது என்று புத்தி சொல்கிறது. உடம்பு நம்ப மறுக்கிறது. பையன் மறுபடி எழுந்துவிட்டால்? அலை இன்றைக்கென்று மேட்டுக்கு ஏறிவிட்டால்? குளிரில்? மழையில்? அவள் அனுப்பிய போட்டோக்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அத்தனை அழகான இடங்களிலும் தண்ணீரை மட்டும்தான் பார்த்தேன். டென்பியின் மிட்டாய் வீடுகளுக்கு அடியில்கூட அது கறுப்பாகக் கிடந்தது. முன்பு எனக்கு ஏன் தெரியவில்லை?

கரண்ட் வருவதற்கு முன் மாரியம்மா வந்துவிட்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் மாறி வந்திருக்கிறார். முழங்கையில் மாவு காய்ந்திருந்தது. ஐந்து மாடி ஏறிய மூச்சோடு கேட்டார்.

"பேசுனாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

நாற்காலியில் உட்காரவில்லை, இரண்டு போன்களும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா ஜெபம் செய்தாள். அவர் அவருடைய சாமியை உதடசையாமல் கூப்பிட்டார். நான் போனையே பார்த்தேன். மூன்று பேரும் சாப்பிடவில்லை. தெருவில் வெளிச்சம் போய், கொசு வந்தது.

இருட்டி வெகுநேரம் இல்லை — அடித்தது.

"டாடி, கரைக்கு வந்துட்டோம். நடந்தே வந்துட்டோம். கால்கூட நனையல."

மாரியம்மா கை நீட்டினார். போனைக் கொடுத்தேன். பையன் என்னவோ சொல்லி அழுதான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஷூ போட்டிருக்கியா?" போட்டிருக்கிறேன் என்றான் போலிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

அந்த நேரத்துக்கு மேல் மிங்கலாடோனுக்கு யாரும் தனியாகப் போவதில்லை. எங்கள் வீட்டிலேயே தங்கினார். ஆறிப்போன மீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.

வேலை? போகவில்லை. கரையேறியதும் சான் மேனேஜருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கிறான். அவர் கோபப்பட்டார், காலையிலேயே சொல்லியிருந்தால் வேறு ஆள் போட்டிருப்பேனே என்றார், வருகிற ஞாயிறுகளுக்கெல்லாம் அவன் பெயரை எழுதிவிட்டார். அவ்வளவுதான். இதற்காகவா ஒரு பையன் ஷூவைக் கழட்டினான்?

ஆனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாங்கோனில் இன்று எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு பிள்ளை போனுக்குள்தான் இருக்கிறது. பயமில்லாமல் இருக்கட்டும் என்று பிளேன் ஏற்றி அனுப்புகிறோம். துணிமணியோடு, ஊறுகாயோடு, நம் பயத்தையும் அவர்கள் பெட்டியில் மடித்து வைத்துவிடுகிறோம் போலிருக்கிறது. அவர்கள் அதை அங்கே போய்ப் பிரிக்கிறார்கள்... பாறை மேல், கடல் ஏறும்போது.

நேற்று ரூத்திடமிருந்து செய்தி. அடுத்த மாதம் வட வேல்ஸாம். எரிரி என்ற மலைப் பகுதி, ஏரிக்கரையில் கூடாரம். "மலையில கடல் ஏறாது டாடி" என்று கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

ஸ்டெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் என் பத்தியைப் படிப்பதில்லை; அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் சொல்கிறேன்.