சீதன வீட்டில் வாடகைக்கு

வீட்டுக்கும் ஒரு தரகர் வருவார் என்று எண்பத்துமூன்றுக்கு முதல் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். கலியாணத்துக்குத் தரகர் உண்டு. காணிக்கு உண்டு, மாட்டுக்கும் உண்டு. வாடகை வீட்டுக்கு எதற்கு? எங்கள் வீட்டு வளவின் கிழக்கு மூலையில் ஒரு சின்னக் கல்வீடு இருந்தது. மாற்றலாகி வருகிற வாத்திமார் கோயிலடியில் விசாரித்துக்கொண்டு தாங்களாகவே வருவார்கள். நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். எந்த ஊர், மீன் மச்சம் காய்ச்சுவீர்களோ. காய்ச்சுவோம் என்றால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை. என் வீடு, என் கிணறு.

அந்த ஆண்டு கொழும்பில் அடிபட்டு வந்த சனம் வீடு தேடத் தொடங்கியபோதுதான் அந்தத் தரகரைக் கண்டேன். அதுவரை கலியாணம் பேசித் திரிந்த மனிசன். சைக்கிள் ஹாண்டிலில் குடையைக் கொழுவிக்கொண்டு வந்து வாசல் படலையில் நின்றார்.

"அம்மா, மூலை வீடு சும்மாதானே கிடக்கு? நல்ல குடும்பம் ஒண்டு நிக்குது."

"மாப்பிள்ளை பாத்த வாயாலை இப்ப வீடு பாக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளையள் எல்லாம் பிளேன் ஏறீட்டினம் அம்மா. வீடுதான் இஞ்சை மிஞ்சிக் கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடுத்தேன். பிறகு அந்தக் குடும்பமும் பிளேன் ஏறியது. என் ஒரே மகனும் ஜேர்மனிக்குப் போனான். நானும் என் மனிசனும் மிஞ்சினோம்.

தொண்ணூறில் ஆமி காம்பை அகட்டியபோது எங்கள் ஊர் முழுவதும் வீடுவாசலை விட்டு எழும்பியது. சுன்னாகத்துக்கு வடக்கே, அந்தச் செம்மண்ணில், பெரிய வீடும் மூலை வீடும் கிணறும் அப்படியே நிற்க, நாங்கள் பாயும் பெட்டியுமாக வந்தோம். ஒரு மாசத்தில் திரும்பிவிடுவோம் என்று நெல்லைக்கூட மூடைகட்டாமல் வந்தோம். மாசம் வருசமானது. ஒரு வீட்டில் இருந்து எழுப்ப இன்னொரு வீடு. அப்படித் திரிகையில் அவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் காட்டினோம். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். ஆனாலும் அவருக்குத் தெரியும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இஞ்சாரும், நான் எங்கடை வீட்டிலையிருந்துதான் போகவேணும். எங்கடை படலையாலை." பாதை எப்ப திறக்கும் என்று போறவன் வாறவனையெல்லாம் மறித்துக் கேட்பார்.

அதற்குள் வீடு கொடுக்கிற முறையே தலைகீழாகியிருந்தது. தரகர் இல்லாமல் ஒரு மாட்டுக்கொட்டில்கூடக் கிடையாது. வீட்டுக்காரர் நல்ல அறையைத் தங்கள் சாமானோடு பூட்டிவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். கேள்வியும் மாறிவிட்டது. இளம் பெடியள் இருக்கினமோ? பங்கர் வெட்டுவியளோ, வெட்டினால் எந்தத் தென்னையைத் தறிப்பியள்? எழும்பச் சொன்னால் எழும்புவியளோ? எல்லாம் கேட்டு முடிய, போகிற போக்கில் கேட்கிற மாதிரி ஒன்று. நோய் வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ?

அதே தரகர்தான் எங்களுக்கு அந்த வீட்டைப் பார்த்தார். போகிற வழியில் ஒழுங்கையில் வைத்தே சொன்னார். "அம்மா, ஐயாவுக்கு என்ன எண்டு கேட்டால் முட்டு இழுப்பு எண்டு சொல்லுங்கோ."

"ஏன் பொய் சொல்லவேணும்?"

"முட்டுக்காரர் இழுத்து இழுத்து எண்டாலும் கனகாலம் இருப்பினம். அதுதான் அவைக்கு வேணும்."

எனக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. வீட்டைக் கண்ட பிறகுதான் விளங்கியது. புது வீடு. குடிபூரலுக்குக் கட்டிய மாவிலை நிலையிலேயே காய்ந்து தொங்கியது. பக்கத்து வளவில் இருந்த ஒரு கைம்பெண், தன் ஒரே மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. கனடாவில் ஒரு பெடியனோடு பேச்சு முற்றாகியிருந்தது. அவன் வர வேண்டும், அல்லது இவளைக் கூப்பிட வேண்டும். வெறும் வீட்டைக் கண்டால் யாராவது வந்து இருந்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் வாடகைக்கு விட்டாள்.

வீட்டுப் பூட்டின் திறப்பைத் தரும்போது என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஒண்டு சொல்லுறன், கோவியாதேங்கோ. இது பிள்ளையின்ரை வீடு. இந்த வீட்டிலை முதல் மேளம் கலியாண மேளமாய்த்தான் கேக்கவேணும்."

"அதுக்கென்ன" என்றேன். அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்னும் நறுக்காகச் சொல்லியிருப்பேன்.

நல்ல மனிசி. வாழைப்பொத்தி, முருங்கைக்காய் என்று வேலிக்கு மேலால் தருவாள். அவருக்கு விழுங்க முடியாமல் வந்ததும் கஞ்சியை வடித்து, உப்பு அளவாய்ப் போட்டு, தானே கொண்டுவருவாள். அப்படி வந்த ஒரு பின்னேரம் கட்டிலடியில் நின்று அவரைப் பார்த்தாள். வெளியே வந்து படியில் இருந்தாள்.

"அக்கா, உது முட்டில்லை."

"இல்லை" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல என் வாய் இடம் தரவில்லை.

அழுதாள். "எனக்கு ஒண்டேயொண்டு. பேசினது குழம்பினால் அவளுக்கு வேறை மாப்பிள்ளை இந்த ஊரிலை எங்கை இருக்கு?"

"நீங்கள் அழாதேங்கோ. நான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறன்."

மண்ணெண்ணெயில் ஓடுகிற பழங்கார் ஒன்று பிடித்துக் கொண்டுபோனோம். அவருடைய இருமலை விட அதன் புகை கூட. ஆசுபத்திரியில் நிலத்திலும் ஆட்கள் கிடந்தார்கள். காயக்காரரே கனபேர். நேர்ஸ் மிஸ்ஸி என் தோளில் கைவைத்து, "வீட்டை கொண்டுபோய் வைச்சிருங்கோ அம்மா. இஞ்சை குடுக்க மருந்துமில்லை" என்றாள். எந்த வீட்டை என்று அவளிடம் கேட்டு என்ன செய்வது.

தரகரைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்க்கச் சொன்னேன். சைக்கிளில் எங்கெல்லாமோ போய்விட்டு வியர்த்துக்கொண்டு வந்தார்.

"சாகப்போற ஆளுக்கு ஆரும் வீடு குடுக்கினமில்லை அம்மா."

"உம்மடை வீடு?"

"அதுவும் வாடகை வீடுதான்." பிறகு மெல்லச் சொன்னார். "பின்வளவிலை ஒரு கொட்டில் போடுவம். கூரை வேறை எண்டால் வீட்டுக்குத் துடக்குத் தீட்டில்லை எண்டு ஒத்துக்கொள்ளுவா. இப்ப கன இடத்திலை இப்பிடித்தான் நடக்குது."

வீட்டுக்காரி ஒத்துக்கொண்டாள். கூரைக்குக் கிடுகு ஓலையும் அவளே தந்தாள். பின்வேலியோரம், வீட்டுத் தாழ்வாரத்துத் தண்ணி விழுகிற கோட்டுக்கு அப்பால், நாலு பூவரசங்கதியால் தடி நட்டு, கொட்டிலாக ஒரு பத்தி இறக்கினார்கள். அவள் நிழலைக்கூடப் பார்த்தாள். வீட்டு நிழல் படாத இடமாக இருக்க வேண்டுமாம்.

அவரைக் கட்டிலோடு தூக்கினோம். தலைமாட்டைத் தரகர் பிடித்தார். முற்றத்து வெயில் முகத்தில் பட்டதும் அவர் கண்ணைத் திறந்தார். குரல் போய்க் கனநாள். காற்றுத்தான் வரும். அந்தக் காற்றாலே கேட்டார்.

"வீட்டையோ?"

"ஓம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்ததை நான் கண்டேன். பாதை திறந்துவிட்டது என்று நினைத்திருப்பார். கட்டிலைக் கொட்டிலுக்குள் வைத்ததும் மேலே கிடுகைப் பார்த்தார். பக்கத்தில் வேலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுநாள் மத்தியானத்துக்கு முன் போய்விட்டார்.

மேளம் இல்லை. நான் வாய்விட்டு அழவுமில்லை. அவள் அழவேண்டாம் என்று சொன்னவளில்லை. ஆரோ ஒருவருடைய வளவில் நின்று என் மனிசனுக்கு ஒப்பாரி வைக்க எனக்குத்தான் மனம் வரவில்லை. முன்படலை கலியாண ஊர்வலம் போகவேண்டிய படலை. ஆனபடியால் பின்வேலியைப் பிரித்து ஒழுங்கையால் கொண்டுபோனார்கள். பெண்கள் படலை வரைதான் கூடப் போவது எங்கடை வழக்கம். அங்கே எனக்குப் படலை இல்லை. பிரித்த வேலியடியில் நின்றேன். இரண்டு வீடும் கிணறும் ஆண்ட மனிசன், களவாய்ப் புகுந்த மாடு போகிற வழியால் போனார்.

பின்னேரமே வேலியைக் கட்டிவிட்டார்கள். கொட்டிலையும் எரித்துவிட்டார்கள். எட்டாம் நாள் சடங்கு கழிய அவள் வந்து, "உள்ளுக்கு வாங்கோ அக்கா, இனி ஆர் உங்களுக்கு" என்று கூப்பிட்டாள். போனேன். வேறு போக்கில்லை. கோபம் ஒன்றும் இல்லை. அவளோடு கோபிக்கவும் எனக்குள் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டுமே.

கனடாக்காரனுடைய கடிதம் குறைந்து குறைந்து நின்றுபோனது. அவள் என்னை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. ஆனால் வேலிக்கு மேலால் முருங்கைக்காய் வருவது நின்றது.

இந்த வருசம் ஐப்பசி மழைக்குள் வலிகாமம் முழுவதும் எழும்பியது. வீடு கொடுத்தவரும் வாடகைக்கு இருந்தவரும் ஒரே ரோட்டில், ஒரே சேற்றில். வீட்டுக்காரி மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். திறப்புக்கோர்வை இடுப்பில் கிடந்தது. புது வீட்டின் திறப்பும் அதில்தான். அந்த வீட்டில் கலியாண மேளமும் கேட்கவில்லை, மற்ற மேளமும் கேட்கவில்லை. கைதடிக்குக் கிட்டத் தரகரைக் கண்டேன். சைக்கிளில் மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு போனார். சனம் அவரை மறித்து, எங்கையும் ஒரு வீடு, ஒரு அறை என்று கேட்டது.

"இண்டைக்கு நானும் தேடுறன்" என்றார். என்னை அடையாளம் பிடித்தாரோ தெரியாது.

இப்போது தென்மராட்சியில் ஒரு வீட்டின் விறாந்தையில் இருக்கிறேன். எனக்கு ஒரு பாய் அளவு இடம். இரவில் இருமல் வருகிறது. வந்த அன்றைக்கே வீட்டுக்காரப் பிள்ளை வாசலில் நின்று கேட்டது.

"ஆச்சி, வருத்தம் ஏதும் இருக்கோ?"

"முட்டுத்தான் பிள்ளை" என்றேன்.

அது விறாந்தையின் கடைசித் தொங்கலில் பாயைப் போடச் சொன்னது. அங்கே படுத்தால் பின்வேலி தெரிகிறது.