ஆளில்லாத அறையில் கேட்ட ஜெபம்

நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் வேறு யாராவது வந்து என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சித்தூரில் மாம்பழக் கூழ் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து எழுதுவதுதான் என் வேலை, கருவி என்ன காட்டுகிறதோ அதைத்தான் எழுதுவேன், என் இஷ்டத்துக்கு ஒரு புள்ளி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். காதில் குரல் கேட்டது, கண்ணில் உருவம் தெரிந்தது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். எங்கள் சபையிலேயே தரிசனம் கண்டதாகச் சாட்சி சொல்கிறவர்கள் உண்டு, அப்போதெல்லாம் நான் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். வேதம் வாசிப்பது, ஜெபம் பண்ணுவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது, அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்தவள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அப்போது நான் தனியாக இருந்தேன். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, இருக்கிற ஒரே மகள் பெனிட்டா என்னோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் நிறுத்தியது அவளில்லை, நான். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிற சுதாகர் என்ற தெலுங்குப் பையனை அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, இனி என் வாசப்படி ஏறாதே, உனக்கு ஒன்றென்றால் எனக்குச் சொல்லியும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு அன்று ராத்திரியே வலித்தது, ஆனால் போனை எடுத்துப் பேச மட்டும் கை வரவில்லை. தினமும் காலையில் முழங்கால் போட்டு அவளுக்காக ஜெபிப்பேன், அதுவும் ஜெபமா என்று கேட்டால் இல்லை, புகார். அவளுக்குப் புத்தி கொடும், அவளே வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும், இதுதான். எதுவும் நடக்காது. யாரும் எடுக்காத போனுக்கு ரிங் விட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும், எழுந்து தோசை ஊற்றித் தின்றுவிட்டு வேலைக்குப் போவேன்.

அந்த மே மாதம், எங்களோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி திருச்சானூர் கோயிலுக்குப் போய் வந்தவள், ஷேர் ஆட்டோவில் பெனிட்டாவைப் பார்த்ததாகவும் வயிறு நன்றாகத் தெரிந்ததாகவும் சொன்னாள். சரி என்று மட்டும் சொன்னேன். அன்று எழுதிய ரீடிங்கை எல்லாம் சூப்பர்வைசர் திரும்ப எடுக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவை.

அந்த வாரம் சனிக்கிழமை எங்கள் சபைக் கோயிலில் பீடத்துக்குப் பூ வைத்து, பெஞ்சு துடைக்கிற முறை எனக்கு. எங்கள் கோயில் பழைய மிஷன் காலத்துக் கட்டடம், சுவர் இரண்டு முழ அகலம், வெளியே லாரி போனாலும் உள்ளே கேட்காது. கோயில்பிள்ளை, அதாவது மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், அந்த வளாகத்திலேயே குடியிருக்கிறார், அவருடைய மனைவி மேரியிடம் சாவி இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு வாங்கித் திறந்தேன். கரண்ட் இல்லை. பூ வைத்தேன், துடைத்தேன், எல்லாம் முடித்து முன் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் ஒரு வார்த்தை வரவில்லை. வயிறு தெரிந்தது என்று அவள் சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

அப்போதுதான் வெஸ்ட்ரிக்குள் யாரோ ஜெபிப்பது கேட்டது. வெஸ்ட்ரி என்றால் பீடத்துக்குப் பக்கத்தில் போதகர் அங்கி மாட்டுகிற சின்ன அறை. ஒரு பெண்ணின் குரல், நடுத்தர வயது, தொண்டை கட்டியிருந்தது. நான் வரும் முன்பே யாரோ வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், கோயில் பூட்டியிருந்ததும் நான் திறந்ததும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை, நம்புங்கள். பிறர் அழுது ஜெபிப்பதை ஒட்டுக்கேட்கக் கூடாதென்று எழுந்தேன். அதற்குள் குரல் தெளிவாக வந்தது.

"ஆண்டவரே, ஒன்னே கால் கிலோதான் சாமி இருக்குது. அதுக்கு மூச்சு குடு. வாய் விட்டவ நான், எங்கிட்ட கணக்கு கேளு, அதுகிட்ட கேக்காத. எனக்கு ஒன்னும் தெரியல. நீயே பாத்துக்கோ. நீ எது பண்ணாலும் உன் கால வுடமாட்டேன்."

ஒன்றேகால் கிலோ என்றதும் எதன் எடை என்று என் வேலைப் புத்தி யோசித்தது, அது நினைவிருக்கிறது. அடுத்த நொடி அந்தக் குரல் "ஐயோ" என்று ஒரே கத்து. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை. அங்கிகள் ஆணியில் தொங்கின, மேஜை மேல் காணிக்கைப் பை, கம்பி போட்ட ஒரே ஜன்னல், வேறு வழி கிடையாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் வருமே, கை கழுவுகிற மருந்தும் பினாயிலும் கலந்த வாடை, அது மட்டும் அறை முழுவதும் இருந்தது. எங்கள் கோயிலில் பினாயில் வாங்குவதே இல்லை.

சாவியைக் கொடுக்கப் போனபோது மேரி வெஸ்ட்ரி ஜன்னலுக்கு வெளியே துணி காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சே?"

"வெயிலு" என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஆராதனையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம், புது நம்பரிலிருந்து போன். "அத்தம்மா, நேனு சுதாகர்" என்றான். எனக்கு மாப்பிள்ளையின் குரலே தெரியாது, பாருங்கள். பாதி தெலுங்கு பாதி தமிழில் சொன்னான். பெனிட்டாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது, விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்துவிட்டது, திருப்பதியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னாள், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை என்றான். கேரியரை மூடாமலே எழுந்தேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அந்த இரண்டு மணி நேரமும் ஜெபிக்கக்கூட பயமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

நான் போனபோது பெனிட்டா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒரு நிமிடம் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய், நெஞ்சு படபடவென்று ஏறி இறங்குகிறது, கால் என் விரல் அளவு. நர்ஸ் பெண் தெலுங்கில் சொன்னாள், ஒன் பாயின்ட் டூ ஃபைவ் இருக்கிறாள் அம்மா, மூச்சு தானாக விடச் சிரமப்படுகிறாள், சாயங்காலத்துக்குள் தெரியும் என்று. தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வராண்டா கோடியில் மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது, யாரும் இல்லை, அங்கே முழங்கால் போட்டுச் சுவரில் நெற்றியை வைத்தேன்.

இரண்டு வருடத்தில் முதல் தடவை என்னிடம் புகார் இல்லை. வாய் தானாகத் திறந்தது. "ஆண்டவரே, ஒன்னே கால் கிலோதான் சாமி இருக்குது. அதுக்கு மூச்சு குடு. வாய் விட்டவ நான்..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த வாடை அப்போதுதான் மூக்கில் ஏறியது. போனில் பதிவு செய்த நம் குரலை நாமே கேட்டால் வேறு யாரோ போல இருக்குமில்லையா, அப்படித்தான் சனிக்கிழமை எனக்கு அடையாளம் தெரியாமல் போயிருந்தது. வெஸ்ட்ரியில் அழுதவள் நான்தான்.

நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அந்த நேரத்தில் அதிசயம் என்றெல்லாம் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இந்த ஜெபத்தின் கடைசியில் ஒரு ஐயோ இருக்கிறது. யாரோ வந்து ஏதோ சொல்லப்போகிறார்கள், நான் கத்தப்போகிறேன். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். ஜெபத்தை முடிக்காவிட்டால் அது வராது, குழந்தை பிழைத்துக்கொள்ளும், இப்படிப் பைத்தியம் மாதிரி ஒரு கணக்கு. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. முழங்கால் மரத்துவிட்டது. மனதுக்குள் ஒரு சண்டை. முடிவு தெரிந்துவிட்டால் எதற்குக் கேட்க வேண்டும்? கேட்காமல் இருந்தால் மட்டும் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை நான் கேட்ட அந்தக் குரல் பாதியில் நிற்கவில்லை. நீ எது பண்ணாலும் என்று சொன்னதே, அது பயந்தவள் குரல் இல்லை. அவளால் முடிந்திருக்கிறது, அவள் நான்தானே.

தலைப்பை வாயிலிருந்து எடுத்தேன். "எங்கிட்ட கணக்கு கேளு, அதுகிட்ட கேக்காத. எனக்கு ஒன்னும் தெரியல. நீயே பாத்துக்கோ." சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அடுத்ததையும் சொன்னேன். "நீ எது பண்ணாலும் உன் கால வுடமாட்டேன்."

சொல்லி முடித்ததும் என் கழுத்தில் ஐஸ் மாதிரி ஒரு கை பட்டது. "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் பெனிட்டா. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் சுதாகர். "கத்தாத மா" என்றாள். "எப்ப வந்த? துன்னியா இல்லியா?"

இரண்டு வருடம் பேசாத பெண் முதலில் கேட்டது அதைத்தான். அவள் மடியில் தலையை வைத்து அழுதேன், அவளும் அழுதாள், சுதாகர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஏழு மணி சுமாருக்கு நர்ஸ் வந்து, மூச்சு கொஞ்சம் சீராகியிருக்கிறது என்றாள்.

முப்பத்தெட்டு நாள் குழந்தை அந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள். நானும் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். நடுவில் இரண்டு தடவை மோசமாகி மீண்டாள். இப்போது மூன்று வயது, வீட்டில் ஒரு பொருளை வைத்த இடத்தில் வைக்க முடியாது. அன்றிலிருந்து என் ஜெபமும் மாறிவிட்டது, இப்படிச் செய்யும் அப்படிச் செய்யும் என்று ஆண்டவருக்கு வழி சொல்வதை விட்டுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாகச் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு திங்கட்கிழமை சித்தூர் திரும்பினேன். கோயில் வாசலில் மேரி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, முந்தாநேத்து வந்துட்டு ஒரு வார்த்தகூட சொல்லாம போய்ட்டீங்க?"

"நான் எங்க வந்தேன்? திருப்பதில இருந்தேன் மேரி, கொழந்தைய வச்சிக்கினு."

"வெளையாடாதீங்க. வெஸ்ட்ரில ஜெபம் பண்ணிக்கினு இருந்தீங்க. அன்னிக்கு ஒரு நாள் அழுதீங்களே, அதே மாதிரி. துணி காயவச்சிக்கினே ரெண்டு தடவையும் கேட்டேன். ஆனா இந்த வாட்டி தெலுங்குல பண்ணீங்க. ஏன்க்கா?"

எனக்குத் தெலுங்கு நன்றாக வரும், தொழிற்சாலையில் நாள் முழுவதும் அதுதான். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் தெலுங்கில் ஜெபித்ததில்லை, அப்படியென்றால் அது இனிமேல் பண்ணப்போகிற ஜெபம். மேரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "நீங்க இன்னா சொன்னீங்கன்னா" என்று ஆரம்பித்தாள். அவள் வாயை என் கையால் பொத்தினேன். "வேணாம் மேரி. சொல்லாத."

இன்றுவரை கேட்கவில்லை. முதல் ஐயோவை நல்லபடியாக முடித்தவர் இதையும் பார்த்துக்கொள்வார் என்றுதான் தினமும் முழங்கால் போடுகிறேன், அது பொய்யில்லை. ஆனாலும் மகள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் நான் ஜெபம் பண்ணும்போது, எனக்கும் புரியும்படி ஒரு நாள் தெலுங்கில் பண்ணுங்கள் அத்தம்மா என்று சுதாகர் ஆசையாகக் கேட்பான், நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்குவோம். மேரி மற்றவர்கள் கையைத் தொட்டதும் விட்டுவிடுவாள். என் கையை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள்.