நீர்க்காகம் என்றொரு கப்பல்

விண்வெளிக் கப்பல்களுக்குப் பெயர் வைப்பதற்கென்றே ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். வைத்திருந்தார்கள். அந்த வீடியோ கேம் கம்பெனியின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே ஒரு மேசை. அதில் நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி. ஆபீஸ் முழுக்க அவளைப் 'பெயர்க்காரி' என்றுதான் சொல்வார்கள். எவன் ஆரம்பித்து வைத்தானோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தான்.

கேட்பதற்கு விளையாட்டுப் போலத் தெரியும் வேலை. செய்து பார்த்தால்தான் அதன் பாடு தெரியும். வாய்க்கு வந்ததைக் கட்டிவிடக் கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு. ஒவ்வொரு பெயரும் பூமியில் ஏற்கெனவே இருந்த ஏதாவதொன்றின் பெயராக இருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று நாலு வரியும் எழுத வேண்டும். விளையாடுகிறவன் ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் அந்த நாலு வரி திரையில் வரும். காவல் கப்பல்கள் நான்குக்கும் கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நான்கு திசைக் காற்றின் பெயர்களை வைத்தாள். ஆஸ்பத்திரிக் கப்பல்களுக்கு மூலிகைகள். சரக்குக் கப்பல்களுக்குப் பொதி சுமக்கிற பிராணிகள். அவற்றில் ஆகப் பெரியதற்குக் 'கோவேறு கழுதை' என்று வைத்துவிட்டு, அதற்காக மூன்று மீட்டிங்கில் மல்லுக்கு நின்று ஜெயித்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கப்பல்கள். இருநூற்றுப் பதின்மூன்றுக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பெயர் எடுத்தாள். ஒன்றுக்கு மட்டும் வீட்டிலிருந்து எடுத்தாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். படகின் பெயர் நீர்க்காகம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், திடீரென்று காற்று கிளம்பிய ஒரு பிற்பகலில், மண் வாரும் மிதவை ஒன்றை ஏழு ஆட்களோடு இழுத்துக்கொண்டு வந்தபோது கயிறு அறுந்தது. மிதவை போயிற்று, அதிலிருந்த ஏழு பேரும் போனார்கள். படகும் கவிழ்ந்து அப்பாவும் போனார். தப்பியது படகின் எஞ்சின்காரன் மட்டும்தான். "கயிறு தானாத்தான் அறுந்துச்சு, திரும்பப் பிடிக்கத்தான் போனோம், போற வழியிலதான் கவுந்தோம்" என்று அவன் தலையால் அடித்துக்கொண்டான். விசாரணை அறிக்கையில் அதில் ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. உயிருக்குப் பயந்து கயிற்றை வெட்டிவிட்டு ஓடி வந்தார், வரும் வழியில் கவிழ்ந்தார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பை மூடிவிட்டார்கள். செத்தவர் எழுந்து வந்து மறுத்தா பேசப்போகிறார்? பழி போடுவதற்கு அவரைவிட வசதியான ஆள் கிடைக்குமா?

அதன் பிறகு அம்மா தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். மிதவையில் போனவர்களில் ஒருவரின் மனைவி, அதுவரை அம்மாவோடு அக்கா தங்கை போலப் பழகியவள், நடுத்தெருவில் அவள் முன்னால் காறித் துப்பினாள். இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்கு வந்தார்கள். அம்மா அந்தப் படகின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள்.

கேமின் கதையில் ஒரு மீட்புக் கப்பல் வருகிறது. தீப்பிடித்த கப்பலை எல்லாரும் விட்டுவிட்டுப் போக, அது ஒன்று மட்டும் திரும்பிப் போய் இழுத்து வரும். பெயர்க்காரி அதற்கு நீர்க்காகம் என்று வைத்தாள். நாலு வரியும் எழுதினாள்: 'ஒரு துறைமுகத்து இழுவைப் படகு. கயிறு அறுந்த மிதவையைக் காப்பாற்றத் திரும்பிப் போய் மூழ்கியது. கயிற்றை யாரும் வெட்டவில்லை. அதை ஓட்டியவர் யாரையும் கைவிடவில்லை.' அந்த அறிக்கையைப் படித்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். இதை லட்சம் பேர் படிப்பார்கள். அப்பா பேரில் விழுந்த கறையைத் துடைக்க அவளிடம் இருந்தது இந்த நாலு வரிதான்.

அன்றைக்கே அம்மாவிடம் படித்துக் காட்டினாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ படி."

படித்தாள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை அவகிட்ட காட்டணும்டி."

"எவகிட்ட?"

"எவகிட்டன்னா கேக்குற? என் முன்னால காறித் துப்பினாளே, அவகிட்ட."

பெயர்களை ஒலிப்பதிவுக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அட்டவணையில் இடப்பக்கம் கப்பல், வலப்பக்கம் பெயர். ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக வலப்பக்கத்தை மட்டும் அகர வரிசையில் அடுக்கினாள். இடப்பக்கத்தையும் சேர்த்து நகர்த்தட்டுமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். பார்த்து முடித்ததும் பழையபடி மாற்றியிருக்க வேண்டும். போன் வந்தது. பேசினாள், மறந்தாள், அப்படியே அனுப்பிவிட்டாள். இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தவள் செய்த காரியம் இது! ஒவ்வொரு பெயரும் இன்னொரு கப்பலின் தலையில் போய் உட்கார்ந்தது. நாலு வரிகளும் அந்தந்தப் பெயரின் பின்னாலேயே போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கதைப் பிரிவின் தலைவன், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், தன் மேசைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். முதல் காட்சி. அகதிகள் நிறைந்த கப்பல் ஒன்றை இன்னொரு கப்பல் இழுத்துப் போகிறது. எதிரிகள் வருகிறார்கள். இழுத்துப் போகிறவன் கயிற்றை வெட்டிவிட்டு ஓடுகிறான். ஓடுகிற கப்பலின் விலாவில் பெரிய எழுத்தில் நீர்க்காகம்.

இருநூற்றுப் பதினான்கில் அந்தப் பெயர் போய் விழுவதற்கு வேறு கப்பலே அகப்படவில்லையா? அடுத்த மேசையில், கோவேறு கழுதை போர்க்கப்பலாகிவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாத்திடலாம் தம்பி. என் தப்புதான். இன்னிக்கே மாத்திடறேன்."

"எப்படிக்கா மாத்துறது? ஒன்பது மொழியில குரல் பதிஞ்சாச்சு. அந்த கேப்டன் மூணு தடவ கப்பல் பேரைச் சொல்றான். அஞ்சு வாரத்துல வெளியாகுது. மத்த பேரெல்லாம் எது எங்க இருந்தாலும் யாருக்குக்கா தெரியப்போகுது?"

"அது எங்கப்பா ஓட்டின படகு."

அவன் ஓடிக்கொண்டிருந்த காட்சியை நிறுத்தினான். கெட்டவன் அல்ல. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். பிறகு, "அந்த நாலு வரி எழுத்து மட்டும்னா மாத்தலாம். சாயங்காலத்துக்குள்ள குடுங்க" என்றான்.

ஓடிப்போகிற கப்பலோடு அப்பாவைச் சேர்த்து நிறுத்த அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நாலு வரியையும் அழித்தாள். 'நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் கருநிறப் பறவை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் அம்மா, "எஞ்சின்காரருக்குச் சொல்லிட்டேன், போன்லயே அழுதுட்டாரு" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இப்படியே ஐந்து வாரமும் போயிற்று. கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் கிடையாது. பெயர் வைத்தே பிழைக்கிறவளுக்கு அது தெரியாதா என்ன?

கேம் வெளியான மறுநாள் அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். பதினோரு மணிக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போயிட்டு வர்ற?"

"அவ வீட்டுக்குத்தான். அவ மகன் வாங்கியிருக்கான்னு சொன்னாங்க. போட்டுக் காட்டுப்பான்னேன்." அம்மா தன் கைகளைப் பார்த்தபடியே பேசினாள். "மொதல்லயே வந்துச்சுடி அந்தக் கப்பல். பேரைப் பார்த்ததும் அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் அது கயித்தை வெட்டிட்டு ஓடிச்சு."

"அம்மா, அது நான் பண்ணின தப்பும்மா. பேரெல்லாம் இடம் மாறிப் போய்..."

"இரு, நாலு வரி வரும் பாருன்னு சொன்னேன். அவன் அழுத்தினான். ஏதோ பறவைன்னு வந்துச்சு."

பெயர்க்காரி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அவ திட்டலடி. அழுதா. 'பத்தொன்பது வருஷமா நீ ஒத்துக்கல, உன் பொண்ணாவது ஒத்துக்கிட்டாளே'ன்னா. என்னை மன்னிச்சுட்டாளாம். காபி போட்டுக் குடுத்தா. ஒண்ணும் பேசாம குடிச்சுட்டு வந்துட்டேன்."