திருடன் பாடிக்கொண்டு வந்த நாடகம்

மாமா எழுதிய நாடகத்தில் திருடன் யாரென்று ஒத்திகை தொடங்கிய ஐந்தாவது நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரியப்படுத்தியவர் மாமாவேதான்.

அம்மாவின் தம்பியான அவர் பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. கப்பலில் வந்து இறங்கும் துப்பறியும் நாவல்களை ஒன்று விடாமல் படித்துவிட்டு, தாமும் ஒரு துப்பறியும் நாடகம் எழுதினார். ஜமீன்தார் வீட்டு வைர மாலை களவு போகிறது. கடைசிக் காட்சியில் திருடன் பிடிபடுகிறான். ஆனால் மாமா கண்ணால் பார்த்ததெல்லாம் கோயில் திருவிழாக் கூத்துதான். அதில் கட்டியக்காரன் முதலில் வந்து முழுக் கதையையும் சொல்லிவிடுவான். பிறகு ஒவ்வொருவரும் தான் யாரென்று தானே பாடிக்கொண்டு வருவார்கள். மாமா அந்த மரபை இம்மியும் மீறவில்லை. மாலையைத் திருடப்போகும் கணக்கப்பிள்ளை வந்தேனே என்று திருடன் ராகத்தோடு பிரவேசித்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் வழக்கம்போலப் புராண நாடகமே மேடையேறும் என்று நாடக சபைக் காரியதரிசி சொல்லிவிட்டார். மாமா நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை, பயமாகிவிட்டது. அம்மா தேங்காய் பிஸ்கோத்து டின்னை எடுத்து வைத்தாள். முந்தின நாள்தான் அதில் நாலு குறைகிறதென்று அவள் அறிவித்து, அண்ணனும் நானும் ஆளுக்கொரு குட்டு வாங்கியிருந்தோம்.

கட்டியக்காரனையே எடுத்துவிடலாமே என்றார் அப்பா. அவன் வராவிட்டால் நாடகம் தொடங்கியதாகவே ஜனங்கள் நினைக்கமாட்டார்கள், வெற்றிலை மென்றுகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள் என்றார் மாமா.

அம்மா மீன் கழுவப் போனவள் நின்றாள்.

"அவன் இருக்கட்டும்டா தம்பி. மால காணோம்னு அவனே வந்து சொல்லட்டும். எடுத்தவனும் அவனாவே இருக்கட்டும்."

"சனங்க கண்டுபிடிச்சிர மாட்டாங்களாக்கா?"

"காணோம்னு மொதல்ல வந்து சொல்றவன யாரு சந்தேகப்படுவா லா?"

மாமா துள்ளி எழுந்தார். பிறகு சோறு போடச் சொன்னார்.

நாடகம் ஜெயித்தது. கட்டியக்காரன் களவை அறிவித்தான். ஒவ்வொருவராக வந்து தான் நிரபராதி என்று பாடினார்கள். கூட்டம் ஆளுக்கொருவரைத் திருடனாக்கிச் சண்டை போட்டுக்கொண்டது. கடைசியில் துப்பறிகிறவர் கட்டியக்காரனின் தலைப்பாகையை இழுக்க, மாலை பொத்தென்று விழுந்தது. கொட்டகையே எழுந்து கை தட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மா மட்டும், அவன் பாவம் என்றாள்.

மறுநாள் காலை அம்மா பிஸ்கோத்து டின்னோடு வந்து, இன்னும் மூன்று குறைகிறதென்று அறிவித்தாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் நீர் வர அப்படி ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அண்ணனை முறைத்தேன். அவன்தான் எடுத்திருப்பான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.