கசக்காத சீஸ்

செல்வராசா குலசிங்கத்திடம் எண்ணாயிரம் ஜெர்மன் மார்க் கடன்பட்டிருந்தார். தொண்ணூற்று நாலாம் ஆண்டு வாங்கிய காசு. மார்க் ஒழிந்து யூரோ வந்து, யூரோவும் பழசாகிவிட்டது. கடன் மட்டும் அப்படியே கிடந்தது. கொடுக்க வக்கில்லாமல் அல்ல. அவர் காசோடு போன ஒவ்வொரு முறையும் குலசிங்கம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"எங்களுக்குள்ள என்ன அண்ணை கணக்கு? வையுங்கோ பொக்கற்றுக்குள்ள."

அகதி முகாமில் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சோறு காய்ச்சித் தின்றவர்கள். அந்தப் பதிலைச் செல்வராசா ஒரு பதக்கம் போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார். கலியாண வீட்டிலும் சரி, செத்த வீட்டிலும் சரி, "குலம் என்னட்டக் காசு வாங்கமாட்டான்" என்று சொல்லாமல் எழும்பியதில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். வுப்பர்டால் சந்தையில் பிராவ் லோமான் என்ற சீஸ்காரக் கிழவியின் வான் வண்டியில் பெட்டி கழுவத் தொடங்கினார். பிறகு சீஸ் வெட்டினார், பிறகு விற்றார். கிழவி ஓய்வுபெற்றபோது வானையே வாங்கினார். வங்கி கைவிரித்த அந்த நேரத்தில்தான் குலசிங்கம் தன் சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல், மழையோ பனியோ, சந்தை நாளில் அந்த வானின் கதவு பூட்டியிருந்ததில்லை. சந்தையில் எத்தனையோ பேர் சீஸ் விற்றார்கள். வரிசை நின்றது ஒரு வானுக்கு முன்னால்தான்.

சீஸ் வட்டை விரல் முட்டியால் தட்டி, உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லுவார். எந்தச் சீஸுக்கு எந்த ஊர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். கௌடா ஒல்லாந்துச் சந்தை ஊர் ஒன்றின் பெயர். இரண்டு வருடம் முற்றினால் பனங்கட்டி போலப் பல்லில் நறநறக்கும். எமன்ரால் சுவிஸ் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்தது. மென்றால் வறுத்த கச்சான் கடலையின் வாசம் எழும்பும். லிம்பேர்கர் பெல்ஜியப் பக்கத்தில் பிறந்து, பிழைக்க வந்தது ஜெர்மனியின் தெற்கு மலையடிவாரத்துக்கு. "அதுவும் என்னைப் போல இடம்பெயர்ந்ததுதான். ஆனால் என்னில் இந்த மணம் இல்லை" என்று சொல்லி ஜெர்மன்காரரைச் சிரிக்கவைத்து, கால் கிலோ கேட்டு வந்தவரை அரைக் கிலோ வாங்கவைப்பார். ரில்சிற்றர் என்ற சீஸைத் தொடும்போது மட்டும் பகிடி விடமாட்டார். பிராவ் லோமான் அந்தச் சீஸுக்குப் பெயர் கொடுத்த ஊர்க்காரி, போரில் ஓடிவந்தவள். இன்று அந்த ஊருக்கு வேறு நாடு, வேறு பெயர். சீஸில் மட்டும்தான் பழைய பெயர் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கிழவிதான் ஒருநாள் அவரைத் தூக்கிவாரிப் போட வைத்தாள். பால் எப்படி இப்படிக் கட்டியாகிறது என்று செல்வராசா கேட்டார். அவள் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். கன்றுக்குட்டியின் வயிறு. பால்குடி மறவாத கன்றை அறுத்து, அதன் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை.

செல்வராசா அன்று மாலையே மனைவியிடம் சொன்னார். ரஞ்சினி சுத்த சைவம். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு இரண்டு துண்டுப் பாணும் சீஸும்தான் அவவின் சாப்பாடு. "பால்தானே" என்று நினைத்தது அவ மட்டுமல்ல. முட்டையைக்கூட அடுப்படியில் ஏற்றாத வீடுகள் எல்லாம், ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து விரதத்துக்குச் சீஸ் தின்றுகொண்டிருந்தன. ரஞ்சினி உடனே குளிர்ப்பெட்டியை வெறுமையாக்கி, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினா.

மிருகம் கலக்காமல் தொழிற்சாலையில் செய்த உறை போட்ட சீஸும் கடைகளில் இருந்தது. அது செல்வராசாவின் மதிப்புக்குக் காணாது. ஊரும் பெயரும் உள்ள பழைய சீஸ் ஒன்றில் சைவம் இல்லாமலா போகும் என்று தேடினார். அகப்பட்டது. போர்த்துக்கல் மலைநாட்டில், ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு முட்செடியின் காய்ந்த பூவைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் செம்மறிப் பாலில் விட்டு உறையவைக்கிறார்கள். ஒவ்வொரு வட்டுக்கும் இடுப்பில் ஒரு துணி சுற்றியிருக்கும். வாயில் வைத்தால் வெண்ணெய் போல இளகி, விழுங்கிய பிறகு அடிநாக்கில் லேசாகக் கசக்கும். வேப்பம்பூ வடகத்தின் கசப்பு. அந்தக் கசப்பு முட்பூவின் கையெழுத்து.

வுப்பர்டாலிலும் கொலோனிலும் இருந்த சைவ வீடுகள் அவருடைய ஒரு சொல்லை நம்பி அதை வாங்கின. உறை என்ன, பூ என்ன என்று எவரும் கேட்கவில்லை. "செல்வராசா அண்ணை ஓம் எண்டால் தின்னலாம்." அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய இதயக் குழாய்க்குள் கம்பிவலை வைத்தார்கள். வானை விற்றார். சீஸ் தொடக்கூடாது என்று வைத்தியர் சொன்னதை ரஞ்சினி பொலிஸ் போல நின்று காத்தா. முட்பூச் சீஸை மட்டும் கொலோனில் குலசிங்கத்தின் தமிழ்க் கடை எடுத்து நடத்தட்டும் என்று விட்டுக்கொடுத்தார். குலசிங்கம் அதற்கும் ஒரு மரியாதை செய்தார். பொட்டலத்தில் செல்வராசாவின் படம்! சந்தைத் தொப்பியோடு, கையில் கத்தியோடு. கீழே, 'சுத்த சைவம். செல்வராசா அண்ணையின் உறுதி.' செல்வராசா ஒரு பொட்டலத்தை வெறுமையாக்கிக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து, வந்துபோகிறவர்களுக்குக் காட்டினார்.

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ரஞ்சினி தொலைபேசி எடுக்க எழும்பிய நேரம் பார்த்து, அவவின் தட்டிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். கசப்பு வரட்டும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

மாத்திரையால் நாக்குச் செத்துவிட்டதோ என்று நினைத்து, போத்தலைத் திறந்து வேப்பம்பூ வடகத்தில் ஒரு துண்டை நாக்கில் வைத்தார். வடகம் நன்றாகக் கசந்தது.

அடுத்த நாள் காலை ரெயின் ஏறிக் கொலோனுக்குப் போனார். கடையில் வேலை செய்யும் பிள்ளை கஜந்தி, "வாங்கோ அண்ணை, படத்தைவிட வடிவாய் இருக்கிறியள்" என்று சிரித்தாள். அவர் சிரிக்காமல் பின்பக்கத்துக் குளிரறைக்குள் நுழைந்தார். அடுக்கியிருந்த வட்டுகளில் ஒன்றுக்குக்கூட இடுப்பில் துணி இல்லை. தோல் முழுக்கப் பாய் பின்னியது போல வரிவரியாக அச்சு. ஸ்பெயின் பக்கத்துச் சீஸின் அச்சு. பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் உறையின் விபரமும் இருந்தது. மிருக உறை.

குலசிங்கம் பின்னால் வந்து நின்றார்.

"இது எப்ப துடக்கம் குலம்?"

"போர்த்துக்கல்காரன் விலையை ஏத்திப்போட்டான் அண்ணை. அந்த விலைக்கு எங்கட சனம் வாங்குமே?"

"அப்ப வாங்காமல் விடட்டும். என்ர படத்தை ஒட்டி ஏன் வித்தனீ?"

"சனம் என்ன நக்கிப் பாத்தே வாங்குது? படத்தைப் பாத்துத்தானே வாங்குது." குலசிங்கம் குரலைத் தாழ்த்தினார். "பாலும் உப்பும்தான் அண்ணை. ஒரு சொட்டு உறையில என்ன கிடக்கு?"

"ரஞ்சி தின்னுறாளடா. வெள்ளிக்கு வெள்ளி தின்னுறாள்."

"அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. தெரியாமல் திண்டால் பாவமில்லை."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே."

குலசிங்கத்தின் முகம் மாறியது. "சும்மா துள்ளாதேங்கோ. அந்த எண்ணாயிரம் மார்க் இல்லாட்டி இண்டைக்கும் நீங்கள் பெட்டிதான் கழுவிக்கொண்டு நிண்டிருப்பியள். ஒருநாள் திருப்பிக் கேட்டனானே? உங்கட பேரில எனக்கும் ஒரு பங்கு கிடக்கு."

முப்பது வருடமாக முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த அந்தக் கைகள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் செல்வராசாவுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து ரஞ்சினியை இருத்திச் சொன்னார். அவ தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டா. கோபித்திருந்தால் தாங்கியிருப்பார்.

"ருசி மாறித்தான் கிடந்தது. நீங்கள் சொன்னீங்கள் எண்டுதானே திண்டனான்," என்றா. எழும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தா.

பிறகு செல்வராசா தொலைபேசியோடு குந்தினார். வாங்குகிற வீடு ஒவ்வொன்றாக எடுத்து, "என்ர படம் போட்ட சீஸைத் தின்னாதேங்கோ, அது சைவமில்லை" என்றார். குலசிங்கத்தின் பெயரைச் சொன்னார், நடந்ததைச் சொன்னார். சிலர் ஆறுதல் சொன்னார்கள். கொலோனில் அம்பிகா என்ற ஆசிரியை சொன்னதுதான் காதை விட்டுப் போகவில்லை. "அவர் கடைக்காரர் அண்ணை, விப்பார். நாங்கள் நம்பினது உங்களை. படத்தை ஒட்டக் குடுத்திட்டு ஒருக்கால் ருசி பாக்கேல்லையே?" செல்வராசா தொலைபேசியை வைத்தார். கண்ணாடி அலுமாரியில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் குப்பையில் போட்டார்.

திங்கட்கிழமை வங்கியில் காசெடுத்துக்கொண்டு மறுபடி கொலோனுக்குப் போனார். அந்த எண்ணாயிரம் மார்க், யூரோவில் நாலாயிரத்துத் தொண்ணூறும் முப்பத்துநாலு சதமும். வட்டி என்று ஒரு வார்த்தை அன்று பேசப்படவில்லை. அதனால் இன்றும் இல்லை. கடையில் நாலைந்து பேர் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார்கள். கஜந்தி கல்லாவில் நின்றாள். அடுக்குத் தட்டில் இருந்த பொட்டலங்களிலிருந்து அவருடைய படத்தை எவரோ ஏற்கெனவே உரித்திருந்தார்கள். உரித்த இடங்களில் வெள்ளைத் தழும்பு.

"குலம், கையை நீட்டு."

ரெயினில் வரும்போது அவர் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தார். அவன் பழையபடி கையைப் பின்னால் கட்டவேண்டும். பிழை விட்டிட்டன் அண்ணை என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே அழுதிருப்பார்; மன்னித்தும் இருப்பார்.

குலசிங்கம் சனத்தைப் பார்த்தார். காசைப் பார்த்தார். வலது கையை நீட்டி விரித்தார்.

செல்வராசா சந்தையில் மிச்சக்காசு கொடுப்பது போல, சத்தமாக எண்ணி எண்ணி வைத்தார். நூறு, இருநூறு, முந்நூறு. ஒவ்வொரு தாளுக்கும் அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்தது, மூடவில்லை. நாலாயிரம் வந்தது. தொண்ணூறு வந்தது. கடைசியில் பொக்கற்றைத் தடவி, முப்பத்துநாலு சதத்தையும் தாள்களுக்கு மேல் ஒவ்வொன்றாக வைத்தார்.